மேல்நிலை வேதியியலில் எதற்கு இடம்?



பாடத்திட்டக் குழுக்களில் எதைச் சேர்ப்பது என்பதில் பெரிய சண்டை வருவதில்லை. ஒருவர் நானோ துகள்கள் என்பார், இன்னொருவர் பசுமை வேதியியல் என்பார், மற்றொருவர் லித்தியம் அயனி மின்கலம் என்பார். எல்லாம் நல்ல செய்திகள்தாம், எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிடலாம். எதை விடுவது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுபோகும். ஒவ்வொரு பாடத்துக்கும் அதைப் பல ஆண்டு நடத்திப் பழகிய ஆசிரியர் இருக்கிறார், அதிலிருந்து கேள்வி எடுத்துப் பழகிய தேர்வாளர் இருக்கிறார், அச்சிட்டு விற்கும் வழிகாட்டி நூல்களும் இருக்கின்றன. ஆகவே பாடங்கள் நுழைகின்றன; வெளியேறுவதில்லை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் எந்தப் பாடத்துக்கு இடம் கொடுப்பது, எதை எந்த அளவுகோலால் விலக்குவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணால் காணும் ஒரு பொருளில் தொடங்கி, அதற்குள் இருக்கும் அணுக்களுக்கும் மூலக்கூறுகளுக்கும் போய், அங்கிருந்து சமன்பாட்டுக்கும் கணக்குக்கும் வந்து, மறுபடி அந்தப் பொருளையே புதிதாகப் பார்க்க வைக்கிற பாடம் இருக்க வேண்டும். இந்தச் சுற்றில் ஏதேனும் ஒரு முனையிலேயே நின்றுவிடுகிற பாடம் சுருங்க வேண்டும், அல்லது போக வேண்டும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன், வேதியியல் ஏன் கடினமாக இருக்கிறது என்று கேட்டு, காணும் பொருள், காணாத துகள், எழுதும் குறியீடு என்று ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார். தேர்ந்த வேதியியலாளர் இந்த மூன்றுக்கும் இடையே தன்னை அறியாமலே போய்வருகிறார். பதினாறு வயது மாணவி மூன்றையும் ஒரே நேரத்தில் தாங்க முடியாமல், குறியீட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறாள். நம் வகுப்பறைகளில் அன்றாடம் நடப்பது இதுதான். பாடத் தேர்வுக்கும் இந்த முக்கோணமே போதுமான அளவுகோல் என்று நான் கருதுகிறேன்.

நம் கையில் இப்போது இருப்பது என்ன என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது, அதுவரை கல்லூரிகளில் நடந்துவந்த புகுமுக வகுப்பு பள்ளிக்கு இறங்கியது. கல்லூரிப் பாடம் வந்துவிட்டது. கல்லூரி ஆய்வகம் எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை. பாடத்துக்கும் ஆய்வகத்துக்கும் அன்று விழுந்த அந்த இடைவெளி இன்னும் முழுதாக மூடவில்லை. 2018இலும் 2019இலும் வெளிவந்த புதிய பாடநூல்களில் பதினொன்றாம் வகுப்புக்கு 15 அலகுகள், பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 அலகுகள். முதலாண்டு, வேதியியலின் அடிப்படைக் கருத்துகளில் தொடங்கிச் சுற்றுச்சூழல் வேதியியலில் முடிகிறது. இரண்டாம் ஆண்டு உலோகவியலில் தொடங்கி அன்றாட வாழ்வில் வேதியியல் என்பதில் முடிகிறது. முந்தைய நூல்களோடு ஒப்பிட்டால் ஆழத்திலும் அச்சிலும் பெரிய முன்னேற்றம். அதை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் நேரக் கணக்கைப் பாருங்கள். மார்ச்சில் பொதுத் தேர்வு. அதற்கு முன் செய்முறைத் தேர்வு. சனவரி பிறந்தால் திருப்புதல் தேர்வுகள். நடுவில் காலாண்டு, அரையாண்டு. சூனில் தொடங்கும் ஆசிரியர் திசம்பருக்குள் 15 அலகுகளையும் முடித்தாக வேண்டும். மாதத்துக்கு இரண்டு அலகுகளுக்கு மேல் ஆகிறது. அணைவுச் சேர்மங்கள் போன்ற ஓர் அலகை இரண்டு வாரத்தில் நடத்தி முடிக்கலாம். அதற்குள் புரிந்துகொள்ள முடியாது. முன்பெல்லாம் பல பள்ளிகள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. வினாத்தாளின் புளூபிரிண்டைப் பார்த்து, எந்த அலகைத் தொடாமலே முழு மதிப்பெண் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டன. 2018இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்ததற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். நான் சொல்ல வருவது இதுதான்: பாடத்தை விடும் வேலையைக் குழு செய்யாவிட்டால், அதைப் பள்ளிகள் இரகசியமாகச் செய்துகொள்ளும், அதுவும் மதிப்பெண் என்ற ஒரே அளவுகோலால்.

வெளிப்படையாக விட்டவர்களும் உண்டு. 2022இல் தேசியப் பாடநூல்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி. தன் நூல்களைக் குறைத்தது. கொரோனாவுக்குப் பிந்தைய பாடச்சுமை, பிற வகுப்புகளோடு ஒன்றன்மேல் ஒன்றாக வரும் பகுதிகள், கடினத்தன்மை, இன்றைய சூழலுக்குப் பொருந்தாமை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் பருப்பொருளின் நிலைகள், ஹைட்ரஜன், எஸ் தொகுதித் தனிமங்கள், சுற்றுச்சூழல் வேதியியல் உள்ளிட்டவை போயின. பன்னிரண்டாம் வகுப்பில் திண்ம நிலை, புறப்பரப்பு வேதியியல், தனிமங்களைப் பிரித்தெடுக்கும் முறைகள், பி தொகுதித் தனிமங்கள், பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல் என ஆறு அதிகாரங்கள் போயின. அதே திருத்தத்தில் பத்தாம் வகுப்பிலிருந்து தனிம வரிசை அட்டவணையும் நீக்கப்பட்டு, 2023இல் உலகெங்கும் அறிவியலாளர்களின் எதிர்ப்பைச் சம்பாதித்தது. பதினொன்றில் அது இருக்கிறது என்பது பதிலாகத் தரப்பட்டது. பத்தோடு வேதியியலை விட்டுவிடும் பிள்ளைகள் அதை இனி எங்கே பார்ப்பார்கள்?

நீக்கப்பட்டவற்றை வரிசையாக மனத்தில் ஓட்டிப் பாருங்கள். உலோகம், பிளாஸ்டிக், மருந்து, சோப்பு, காற்று, நீர், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின், சோடியம், கால்சியம். பொருள் என்று கையில் எடுத்துக் காட்டத்தக்கவை எல்லாம் ஒன்றாகப் போய்விட்டன. குவாண்டம் எண்கள், இனக்கலப்பு, வினைவேகச் சமன்பாடு, கரிம வினைகளின் பட்டியல் ஆகியவை தங்கிவிட்டன. குறைக்க வேண்டும் என்ற எண்ணம் சரி. அதில் நான் அவர்களோடு நிற்கிறேன். குறைத்த இடம் தவறு. முக்கோணத்தின் ஒரு முனையையே வெட்டி எறிந்துவிட்டார்கள். நம் மாநில நூல்கள் இந்தப் பாடங்களைக் கைவிடவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பொருளை விட்டுக் கொள்கையின் பக்கம் போகும் இந்தச் சாய்வு நேற்று வந்ததன்று. 1957இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்காவில் பள்ளி அறிவியலைத் திருத்தும் இயக்கம் எழுந்தது. கிளென் சீபோர்க் தலைமையில் கெம் ஸ்டடி என்ற திட்டம் உருவாகி, 1963இல் அதன் பாடநூல் வெளிவந்தது. பல மொழிகளுக்கும் போனது. சோதனையிலிருந்து கருத்துக்குப் போக வேண்டும் என்ற அதன் நோக்கம் மிக உயர்ந்தது. ஆனாலும் அந்தக் காலத்துத் திட்டங்களால் உலகெங்கும் ஏற்பட்ட விளைவு வேறு: அணு அமைப்பும் பிணைப்பும் முன்வரிசைக்கு வந்தன, தனிமங்கள், சேர்மங்கள் பற்றிய அறிவு பின்வரிசைக்குப் போயிற்று. இதற்கு மறுமொழியாக, இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் சால்ட்டர்ஸ் மேல்நிலை வேதியியல் பிறந்தது. எரிபொருள், மருந்து, கனிமம் என்று பொருளிலிருந்து தொடங்கி, தேவைப்படும் இடத்தில் கொள்கையைக் கொண்டுவருவது அதன் வழி. இலங்கையின் உயர்தர வேதியியலில் தொழில் வேதியியலுக்கும் சூழல் மாசுக்கும் இன்றும் தனி இடம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் அதைப் படித்துத்தான் பல்கலைக்கழகம் போகிறார்கள்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நீக்கப்பட்ட உலோகவியல் பாடத்தில் எல்லிங்கம் வரைபடம் என்று ஒன்று உண்டு. 1944இல் எல்லிங்கம் வரைந்தது. ஒவ்வோர் உலோக ஆக்சைடும் உருவாகும்போது கட்டிலா ஆற்றல் எவ்வளவு மாறுகிறது என்பதை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால், கோடுகள் பெரும்பாலும் மேல்நோக்கிச் சாயும். ஆக்சிஜன் வாயு திண்மத்துக்குள் அடங்குவதால் என்ட்ரோபி குறைகிறது, அதனால் அப்படி. ஒரே ஒரு முக்கியமான கோடு கீழ்நோக்கிச் சாயும்: கார்பன் கார்பன் மோனாக்சைடாக மாறும் கோடு. அங்கே ஒரு பங்கு வாயு இரண்டு பங்காகிறது, என்ட்ரோபி கூடுகிறது. ஆகவே சூடு ஏற ஏறக் கார்பனின் கோடு ஒவ்வோர் உலோகத்தின் கோட்டையும் வெட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது. வெட்டும் இடத்துக்கு மேல், அந்த உலோகத்தின் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைக் கார்பன் பறித்துக்கொள்ளும். கரி வைத்து மனிதன் ஏன் இரும்பு எடுக்க முடிந்தது என்பதற்கான விடை ஒரு தாளில் கிடைத்துவிடுகிறது.

அதே தாளில் துத்தநாகத்தைப் பாருங்கள். கார்பன் கோடு அதை வெட்டும் இடம் 900 டிகிரி செல்சியசுக்கு மேல். துத்தநாகமோ 907 டிகிரியில் கொதித்துவிடும். அதாவது, உலோகம் பிறக்கும்போதே ஆவியாகப் பிறக்கிறது. திறந்த உலையில் அது மேலே போய்க் காற்றுப் பட்டு மறுபடி ஆக்சைடாகிவிடும். இரும்பு, செம்பு, ஈயம் எல்லாம் வசப்பட்ட நாகரிகங்களுக்குத் துத்தநாகம் நழுவிக்கொண்டே இருந்ததற்கு இதுவே காரணம். ராஜஸ்தானில் உதய்பூருக்கு அருகே ஜாவர் என்ற ஊரில் இடைக்காலத்துக் கைவினைஞர்கள் இதற்கு வழி கண்டார்கள். கத்தரிக்காய் வடிவ மண் மூசைகளில் தாதுவையும் கரியையும் அடைத்து, வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து, ஓர் உலைக்கு 36 மூசைகளாக அடுக்கி, மேலே சூடாக்கி, ஆவியைக் கீழே குளிர்ந்த அறைக்குள் இறக்கி உலோகமாகப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் இதே போன்ற கீழ்நோக்கிய காய்ச்சி வடித்தலுக்கு உரிமம் பெற்றது 1738இல்தான். ஜாவரின் மூசைகள் இன்றும் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கின்றன.

மூன்றாவதாக அலுமினியம். அதன் கோடு மிகக் கீழே இருக்கிறது. கார்பன் அதைத் தொட 2000 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அதனால்தான் மின்னாற்பகுப்பு. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் அதைக் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் மலிவாகக் கிடைத்த இடத்துக்கு அலுமினியம் போயிற்று. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டு மேட்டூருக்கு வந்ததன் பின்னால் இருப்பதும் இந்தக் கோட்டின் தாழ்வுதான். சேலத்து மாணவனுக்கு இதைவிட அருகில் ஒரு வெப்ப இயக்கவியல் பாடம் கிடையாது.

ஒரே படத்தில் என்ட்ரோபி, கட்டிலா ஆற்றல், வரலாறு, ஊர், மின்கட்டணம் எல்லாம் வந்துவிட்டன. இப்போது என்.சி.இ.ஆர்.டி. நூலில் படிக்கும் மாணவி, பதினொன்றில் கட்டிலா ஆற்றலின் சமன்பாட்டைப் படிக்கிறாள், எண்களைப் போட்டுக் குறியைக் கண்டுபிடிக்கிறாள். அந்தச் சமன்பாட்டால் மனிதன் எதைச் சாதித்தான் என்று காட்டும் பாடம் பன்னிரண்டில் இல்லை. கொள்கையை வைத்துக்கொண்டு அதன் பயனை நீக்குவது பாடச்சுமையைக் குறைப்பதாகாது. மாணவியின் மேல் விழும் சுமை கூடத்தான் செய்கிறது, ஏனென்றால் பயன் தெரியாத சமன்பாட்டை மனப்பாடம் மட்டுமே செய்ய முடியும்.

பொருள் பாடங்களை வைத்திருந்தால் மட்டும் போதாது, அவற்றை நடத்தும் விதமும் மாற வேண்டும். நம் நூலில் டி தொகுதித் தனிமங்களில் பொட்டாசியம் டைகுரோமேட்டு தயாரிக்கும் முறை வருகிறது. குரோமைட்டுத் தாதுவைச் சோடியம் கார்பனேட்டோடு காற்றில் வறுத்து, குரோமேட்டாக்கி, அமிலம் சேர்த்து டைகுரோமேட்டாக்கி, பொட்டாசியம் குளோரைடு சேர்த்துப் படிகமாக்குவது. ஐந்து மதிப்பெண் வினா. இந்த வினைத் தொடரின் முதற்பாதியைத் தொழிலாகச் செய்த ஓர் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், ராணிப்பேட்டையில் ஆண்டுக்கணக்காகத் திறந்த வெளியில் கிடந்தது. அதில் இருந்த ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் கரைவது, புற்றுநோய் விளைவிப்பது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் அத்தனை நஞ்சன்று. ஒரே தனிமம், ஆக்சிஜனேற்ற நிலை மாறினால் ஏன் இத்தனை வேறுபாடு? குரோமேட்டு அயனி வடிவத்திலும் மின்சுமையிலும் சல்பேட்டை ஒத்திருப்பதால், சல்பேட்டை உள்ளே விடும் வழியாகவே உயிரணுவுக்குள் நுழைந்துவிடுகிறது. ஆக்சிஜனேற்ற எண் என்பது கணக்குக்கான கற்பனை எண் என்று எண்ணும் மாணவருக்கு இந்த ஒரு செய்தி போதும். தயாரிப்பு முறையை வரிவரியாக ஒப்பிக்கச் சொல்லும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

அயனிச் சமநிலையும் இப்படித்தான். கரைதிறன் பெருக்கம் என்றதும் நாம் சில்வர் குளோரைடுக்குப் போய்விடுகிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்து, பல்லிலும் எலும்பிலும் நோய் வருவது நமக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. அந்த நீரில் ஃபுளூரைடு ஏன் கூடுகிறது? கால்சியம் ஃபுளூரைடு மிகக் குறைவாகவே கரையும். நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளூரைடு ஓர் அளவுக்கு மேல் தங்க முடியாது. பைகார்பனேட்டு மிகுந்த நீரில் கால்சியம் கார்பனேட்டாக வீழ்ந்துவிட, பாறையின் ஃபுளூரைடு தடையின்றிக் கரைகிறது. பொது அயனி விளைவின் எதிர்ப்பக்கம் இது. பாடநூலில் உள்ள அதே சமன்பாடு, அதே கணக்கு. எண்கள் மட்டும் ஊர்க் கிணற்றிலிருந்து வருகின்றன. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பு எங்கிருந்து வந்தது, அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அந்த மாவட்டத்துப் பிள்ளை தன் தாய்க்கு விளக்கிச் சொல்ல முடியும்.

சரி, நேரம் எங்கிருந்து வரும்? இங்கேதான் சில பழைய நண்பர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு. எஸ்.பி.மூன்று.டி, எஸ்.பி.மூன்று.டி.இரண்டு என்ற இனக்கலப்புகளைப் பள்ளிப் பாடத்திலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. பாலிங் 1931இல் தந்த இனக்கலப்புக் கருத்து மீத்தேனுக்கும் எத்திலீனுக்கும் இன்றும் அழகாகப் பொருந்துகிறது, அதை வைத்துக்கொள்வோம். ஆனால் கந்தக ஹெக்சாஃபுளூரைடில் டி ஆர்பிட்டால்கள் அவ்வளவாகப் பங்கெடுப்பதில்லை என்று 1980களிலிருந்து வந்த கணக்கீடுகள் காட்டிவிட்டன. வடிவத்தைச் சொல்ல எலக்ட்ரான் இரட்டைகளின் விலக்கமே போதும். அணைவுச் சேர்மங்களிலும் இதே நிலை. இணைதிறன் பிணைப்புக் கொள்கையை முதலில் நடத்தி, அது நிறத்தை விளக்காது என்று சொல்லி, பிறகு படிகப்புலக் கொள்கைக்குப் போகிறோம். நேரே இரண்டாவதற்கே போகலாம். மயில்துத்தத்தின் நீலத்தை விளக்க அது போதும், காந்தப் பண்புக்கும் அதுவே போதும்.

கரிம வேதியியலில் பெயர் கொண்ட வினைகளின் பட்டியல் இன்னொன்று. ஆல்டால், கிளெய்சன் ஷ்மிட், பெர்கின், நோவனேகல் என்று நான்கு பெயர்களை நான்கு தனி வினைகளாகப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். நான்கிலும் நடப்பது ஒன்றுதான்: காரம் ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது, எலக்ட்ரான் மிகுந்த கார்பன் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது, பல வேளைகளில் நீர் வெளியேறுகிறது. இந்த ஒரு நிகழ்வைத் தாளில் அம்புக்குறி போட்டு மூன்று வகுப்பு நடத்தினால், பெயர் தெரியாத ஐந்தாவது வினையையும் மாணவியே எழுதிவிடுவாள். பெயர்களை நூலின் பின்னிணைப்பில் வைத்துவிடலாம். அந்த வேதியியலாளர்களின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தேர்வுக்கு முந்தின இரவில் அவர்களின் பெயர்களை உருப்போடுவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது.

இப்படிக் கிடைத்த நேரத்தில் ஒன்றே ஒன்றைப் புதிதாகச் சேர்க்கச் சொல்வேன்: நிறமாலை வழி மூலக்கூறை அடையாளம் காண்பது. இங்கிலாந்தின் ஏ லெவலில் நிறை நிறமாலையும் அகச்சிவப்பு நிறமாலையும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வும் பள்ளியிலேயே வருகின்றன. நம் மாணவர் கீட்டோனைச் சோதனைக் குழாயில் வீழ்படிவால் மட்டுமே அறிகிறார். நம் பிள்ளைகளுக்கு ஒத்ததிர்வு வரை வேண்டாம். அகச்சிவப்பில் கார்பனைல் பிணைப்பு எங்கே உறிஞ்சும், நிறை நிறமாலையில் மூலக்கூறு உடைந்து எப்படித் தன் எடையைச் சொல்லும் என்ற இரண்டும் போதும். கருவி வேண்டியதில்லை, அச்சிட்ட படமே போதும். மருந்தகத்தில் வேலை செய்யப் போகிறவருக்கும், தடயவியலுக்கோ வேளாண்மைக்கோ போகிறவருக்கும் இது பயன்படும். மேல்நிலை வேதியியல் படிப்பவர்களில் வேதியியலை முதன்மைப் பாடமாக எடுப்பவர்கள் சிலரே என்பதை நாம் எப்போதும் நினைவில் வைக்க வேண்டும்.

செய்முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுத் தேர்வில் வேதியியலுக்கு 70 எழுத்துத் தேர்வுக்கு, 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. அந்த 20ஐ ஆண்டின் கடைசியில் ஒரே நாளில் கொடுத்துவிடுகிறோம். இங்கிலாந்தில் 2015இலிருந்து ஏ லெவல் மாணவர் குறைந்தது 12 செய்முறைகளைப் படிப்புக் காலம் முழுவதும் செய்து, அதற்குத் தனிச் சான்று பெற வேண்டும். நாமும் ஒவ்வோர் அலகுக்கும் ஒரு சோதனை என்று கட்டிவிடலாம். வினைவேகவியலுக்குத் தயோசல்பேட்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும், ஒரு தாளில் வரைந்த பெருக்கல் குறியும் போதும். கந்தகம் கலங்கி அந்தக் குறி மறையும் நேரத்தைச் செறிவு மாற்றி அளந்தால் வினைவகை கண்முன் வந்து நிற்கும். நீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கொண்டு தரம்பார்க்கும்போது, ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரையே கொண்டுவரச் சொல்லலாம். அப்போது பிப்பெட்டில் எடுப்பதும் பியூரெட்டின் அளவைக் குறிப்பதும் அவர்களுக்கே முக்கியமாகிவிடும். சோதனை எதையும் இணைக்க முடியாத பகுதி எது என்று தேடுங்கள். விட வேண்டியவற்றின் முதல் வரிசை அங்கேயே கிடைத்துவிடும்.

இத்தனையும் சொன்ன பிறகு எல்லா ஆசிரியர்களும் கேட்கும் கேள்வி எனக்குக் கேட்கிறது: நீட் என்ன ஆகும்? மருத்துவப் படிப்புக்கான இந்த நீட் நுழைவுத் தேர்வில் வேதியியலுக்கு 45 வினாக்கள். மொத்தம் 180 வினாக்களுக்கு 2025இலிருந்து 180 நிமிடம். வினாவுக்கு ஒரு நிமிடம். ஒரு நிமிடத்தில் விடை சொல்லத்தக்கதே வேதியியல் என்று அந்தத் தேர்வு நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்கிறது. 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கான பாடத்திட்டம், என்.சி.இ.ஆர்.டி. நீக்கியவற்றில் பலவற்றைத் தானும் நீக்கியது. பி தொகுதியை விடாமல் வைத்துக்கொண்டது. பாடநூலில் இல்லாததற்குப் பிள்ளைகள் பழைய நூலைத் தேடிப் போனார்கள். அதே திருத்தத்தில் செய்முறை வேதியியலின் அடிப்படைகள் என்ற புதிய அலகு வந்தது நல்ல மாற்றம். ஆய்வகத்தில் கை வைக்காமலே அதையும் படித்துவிடும் பயிற்சி முறைகள் வந்துவிட்டன என்பது வருத்தம். நுழைவுத் தேர்வுக்குத் தேவையானதை நடத்தத்தான் வேண்டும். ஏழைப் பிள்ளைகளின் வாய்ப்பை நம் கொள்கைக்காகப் பணயம் வைக்கக் கூடாது. ஆனால் நான் விடச் சொன்னவை பெரும்பாலும் சுருக்கமாகச் சொல்லி நகரக்கூடியவை. நான் வைக்கச் சொன்னவை ஆழமாக நடத்தப்பட்டால் எந்தத் தேர்விலும் உதவும்.

அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏ.பி. வேதியியலைத் திருத்தியவர்கள் செய்த ஒரு காரியத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மேல்நிலை அறிவியல் பாடங்கள் பரந்து கிடக்கின்றன, ஆழம் இல்லை என்று 2002இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு அறிக்கை தந்தது. 2013இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், எவை தேர்வில் கேட்கப்படாது என்று பாடத்திட்டத்திலேயே எழுதினார்கள். ஆஃப்பா தத்துவத்தின் விதிவிலக்குகளை மனப்பாடம் செய்வது கேட்கப்படாது. நிலைமை வரைபடங்கள் கேட்கப்படா. காரணத்தையும் பக்கத்திலேயே குறித்தார்கள். வகுப்பு நேரத்தில் கால் பங்கு ஆய்வகத்துக்கு என்றும் விதித்தார்கள். அவர்கள் விட்டவற்றில் எல்லாம் எனக்கு உடன்பாடு இல்லை. கரிம வேதியியலை ஏறக்குறைய முழுதாக விட்டது நம் சூழலுக்குப் பொருந்தாது. எனினும் விடுவதை எழுத்தில் விட்டார்கள். ஆசிரியர் அச்சமின்றி ஒரு பகுதியைத் தாண்டிப் போக அது வழி செய்தது.

நம் பாடநூலின் ஒவ்வோர் அலகின் முதல் பக்கத்திலும் கற்றலின் நோக்கங்கள் அச்சாகின்றன. அதற்குக் கீழே, தேர்வில் கேட்கப்படாதவை என்று நான்கு வரிகள் சேர்க்க வேண்டும் என்று மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். ஆசிரிய நண்பர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த திருத்தம் எப்போது வந்தாலும், உங்கள் கருத்தைக் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: நீங்கள் நடத்தும் அலகுகளில் விடத்தக்க பகுதி எது, ஏன் விடலாம், அந்த நேரத்தில் உங்கள் ஊர் மாணவரோடு எந்தச் சோதனையைச் செய்வீர்கள். அதை உங்கள் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள்.